சிலம்பில் உறக்கம் இழந்தவர்கள்

(அருப்புக்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



 

'மேக்பெத்' நாடகத்தில் தூக்கம் என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். ஷேக்ஸ்பியர் 1606 வாக்கில் எழுதிய நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் அதை 'மகபதி' என்ற பெயரில் தமிழாக்கினார். கல்லூரியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கதைதான். ஆனால் அருப்புக்கோட்டையில் நின்றுகொண்டு தூக்கம் தொலைந்த துயரக் கதையைப் பேச ஆரம்பித்தால், என் மனம் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே மதுரைக்குப் போய்விடுகிறது. மேக்பெத்தில் தூக்கம் இழப்பவர்கள் கொலை செய்தவர்கள். சிலப்பதிகாரத்தில் தூக்கம் இழப்பவர்கள், மதுரையில் நடந்த கோவலன் கொலையில் கைபடாதவர்கள். விழித்திருக்க வேண்டிய ஒருவன் விழித்திருக்கவில்லை. அதனால் மற்றவர்கள் கண்மூட முடியாமல் போனது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதலில் மேக்பெத். அந்த நாடகத்தைத் தூக்கத்தின் கதையாகவே படிக்கலாம். தொடக்கத்திலேயே சூனியக்காரி ஒருத்தி, ஒரு மாலுமிக்கு இரவும் பகலும் இமை மூடக் கூடாது என்று சபிக்கிறாள். பாங்க்கோ என்ற நல்ல வீரன் களைத்துப்போயும் தூங்க மறுக்கிறான். தூங்கினால் கெட்ட எண்ணங்கள் வந்துவிடும் என்று அவனுக்குப் பயம். டங்கன் அரசனோ விருந்தாளியாக வந்த இடத்தில் நம்பித் தூங்குகிறான். அந்தத் தூக்கத்திலேயே மேக்பெத் அவனைக் குத்திக் கொல்கிறான். கொன்றுவிட்டு வெளியே வந்ததும் அவன் காதில் ஒரு குரல் கேட்கிறது: நீ கொன்றது தூக்கத்தை, இனி உனக்குத் தூக்கம் கிடையாது. பக்கத்து அறையில் படுத்திருந்த இருவரில் ஒருவன் தூக்கத்தில் சிரிக்கிறான், மற்றவன் கொலை என்று அலறுகிறான். பிறகு இருவரும் கடவுளை வேண்டிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார்கள். அந்த வேண்டுதலுக்கு 'ஆமென்' சொல்ல மேக்பெத்தின் நாக்கு எழவில்லை. குற்றமில்லாதவனுக்குக் கெட்ட கனவு வந்தாலும் மீண்டும் தூங்க முடிகிறது. கொன்றவனுக்கு முடியவில்லை. நாடகம் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது என்பேன்.

அவனைத் தூண்டிவிட்ட மனைவி கடைசியில் தூக்கத்திலேயே எழுந்து நடக்கிறாள். படுக்கையருகே எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள். கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறாள். மருத்துவர் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, இது என் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது என்று விலகிக்கொள்கிறார்.

தூக்கத்தை உழைப்பின் அலுப்பைக் கழுவும் நீர் என்றும், காயம்பட்ட மனத்துக்கு மருந்து என்றும் மேக்பெத் அடுக்கிச் சொல்லும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருச்சுழிப் பையன் ஒருவன் நினைவுக்கு வருவான். 1879 டிசம்பர் 30 அன்று, பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் படித்த நாள்களில் அவனுக்கு அப்படியொரு தூக்கம். விழித்திருக்கும்போது அவனிடம் நெருங்கப் பயப்படும் பையன்கள், தூங்கியபின் அவனைத் தூக்கிக்கொண்டு போய், அடித்து விளையாடி, பழையபடி படுக்கையில் போட்டுவிட்டு வருவார்களாம். காலையில் யாராவது சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். தம்மிடம் துன்பத்தோடு வந்தவர்களை அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியும் தூக்கத்தைப் பற்றியதுதான்: ஆழ்ந்து உறங்கும்போது இந்தத் துன்பம் எங்கே இருந்தது? அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவான அந்தச் செல்வத்தைத்தான் மேக்பெத் தன் கையாலேயே அழித்துக்கொண்டான்.

இனி மதுரைக்குப் போகலாம்.

மேக்பெத்தையும் சிலம்பையும் இணைக்கும் ஓரிடம் உண்டு. அதை அதிகம் பேர் கவனித்துப் பேசி நான் கேட்டதில்லை. மேக்பெத்தின் மனைவி, அரசனின் காவலாளிகள் குடிக்கும் பானத்தில் மயக்க மருந்தைக் கலந்து அவர்களைத் தூங்க வைக்கிறாள். அந்தத் தூக்கம்தான் கொலைக்கு வழிவிடுகிறது. சிலப்பதிகாரத்திலும் மயங்கித் தூங்கும் காவலாளிகள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பொற்கொல்லனின் பொய்க்குள் மட்டுமே இருக்கிறார்கள்! அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் கன்னக்கோல் வைக்கவில்லை, கவைக்கோல் கொண்டுவரவில்லை. மந்திரத்தால் வாயில்காவலர்களை மயக்கித் தூங்க வைத்துவிட்டு எடுத்துப்போனான், அந்தக் கள்வன் இப்போது என் குடிசையில் இருக்கிறான் என்று பாண்டியனிடம் சொல்கிறான் பொற்கொல்லன். நடக்காத ஒரு தூக்கத்தைச் சொல்லி ஓர் உயிரை வாங்குகிறான்.

அதோடு விட்டானா? மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் அவர்களிடம் ஒரு கதை சொல்கிறான். அரசனின் தம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது, பெண் வேடத்தில் ஒரு கள்வன் விளக்கின் நிழலில் பதுங்கிப் படுக்கையறைக்குள் போனான். மார்பில் கிடந்த ஆரத்தைக் கழற்றினான். இளவரசன் கண்விழித்துத் தோளைத் தடவினால் ஆரத்தைக் காணோம். இப்படி ஒரு கதை. காவலர்களில் இளையவன் ஒருவனும் சேர்ந்துகொள்கிறான். மழை பெய்யும் நள்ளிரவில் ஒருவன் என் கையிலிருந்த வாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்துபோனான் என்கிறான். இந்தக் கதைகளெல்லாம் ஒரே அச்சத்தைக் கிளறுகின்றன: நாம் தூங்கும்போது நம்முடையது பறிபோய்விடும். அந்த அச்சம் முற்றிய நொடியில், குடிவெறியில் இருந்த கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் உடல் குறுக்கே வெட்டுப்பட்டு விழுகிறான். ஊர் மக்களின் தூக்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்த கொலை இது. சிலம்பை இயற்றிய இளங்கோ இதை எவ்வளவு நுட்பமாகக் கட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

பொற்கொல்லன் வந்தபோது அரசன் என்ன செய்துகொண்டிருந்தான்? ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் அரசன் மனம் போய்விட்டது என்று அரசி கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே காட்டாமல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தான் பாண்டியன். வழியில் நின்றபடியே கேட்டான், நின்றபடியே தீர்ப்பும் சொன்னான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. ஒரு விசாரணை இல்லை. சிலம்பைக் கொண்டுவரச் சொல்லித் தேவியிடம் காட்டியிருந்தால், இது என்னுடையது இல்லை என்று அவளே சொல்லியிருப்பாள். கண் திறந்திருந்தது, அரசன் விழித்திருக்கவில்லை.

இதே பாண்டியர் குடியில் வேறொரு இரவு உண்டு. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. அங்கே ஒரு பாண்டியன் பாசறையில் இருக்கிறான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்பது மரபு. நள்ளிரவு, வாடைக்காற்று, தூறல். அவன் படுக்கவில்லை. மேலாடை நழுவ, சில ஆட்களோடு, காற்றில் சாயும் விளக்கொளியில், புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அரண்மனையில் அவன் தேவிக்கும் தூக்கமில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், மழை கொட்டும் நடுச்சாமத்திலும் கண்ணயராமல் ஊரைச் சுற்றிவரும் காவலர்கள் வருகிறார்கள். குடிகள் தூங்குவதற்காக மேலே இருப்பவன் தூங்காமல் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசியலின் பழைய பாடம். அந்தப் பாடத்தை அறிந்தவர்களுக்குச் சிலம்பின் கொலைக்களக் காதை இரட்டிப்பாகச் சுடும்.

விழிப்பு என்பது வேலை என்று இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம் வானம் பார்த்த பூமியில் கண்மாய் பெருகாத வருடங்களில் வெள்ளாமைக்குப் பதிலாகச் சீமைக்கருவேலம்தான் கைகொடுக்கிறது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் கரிமூட்டம் போடும் குடும்பங்களைப் பாருங்கள். வெட்டிய கட்டையையும் தூரையும் நெருக்கமாக அடுக்கி, செத்தையும் வைக்கோலும் போட்டு மூடி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே தீ வைக்கிறார்கள். பிறகு அது வேகும் நாள்கள் முழுவதும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். இரவில் எங்காவது மண் உள்வாங்கி ஓட்டை விழுந்தால் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் கட்டை கரியாகாது, கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகிவிடும். மாதக்கணக்கான பாடு ஒரு சாமத்தில் போய்விடும். அதனால் காவல் இருப்பவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார், படுக்க மாட்டார். புகை வெள்ளையாகத் திரண்டு வருகிறதா, மெலிந்து நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சந்தேகம் வந்த இடத்தில் ஈரமண்ணை அள்ளி அப்புவார். மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றிக்குக் காவல் கிடப்பவருக்கும், மொட்டு விரிவதற்குள் மல்லிகை பறிக்கப் பின்னிரவிலேயே எழுந்து போகும் பெண்களுக்கும், மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். மேக்பெத்துக்குத் தண்டனையாக வந்த விழிப்பை இவர்கள் தினமும் கடமையாகச் செய்கிறார்கள். பாண்டியன் செய்யத் தவறிய வேலை அது.

இப்போது கோவலன் கொலையில் கைபடாதவர்களைப் பார்ப்போம். சிலம்பில் மூன்று பெரிய கனவுகள். மூன்றையும் தூக்கம் கலைந்தவர்கள் சொல்கிறார்கள். முதல் கனவு புகாரில் கண்ணகிக்கு. கணவன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்குள் அழைத்துப் போகிறான். அந்த ஊரார் தங்கள்மேல் தேளைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு பழியைப் போடுகிறார்கள். பிறகு அரசன் முன்னால் தான் வழக்குரைக்கிறாள். தோழி தேவந்தியிடம் அவள் இதைச் சொல்கிறாள். சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் மூழ்கிக் காமவேளைத் தொழு, கணவன் வருவான் என்று தேவந்தி யோசனை சொன்னால், அது எனக்குப் பெருமை ஆகாது என்று ஒற்றைச் சொல்லில் மறுத்துவிடுகிறாள். இரண்டாவது கனவு மதுரை எல்லையில் கோவலனுக்கு. நள்ளிருளில் வந்த அந்தக் கனவில் அவன் ஆடை பறிபோகிறது. கொம்புள்ள எருமைமேல் ஏறிப் போகிறான். மறையவன் மாடலனிடம் அதைச் சொல்லும்போதே அவன் குரல் நடுங்குவது நமக்குக் கேட்கிறது. மூன்றாவது கனவு கோப்பெருந்தேவிக்கு. வெண்கொற்றக்குடையும் செங்கோலும் சாய்கின்றன, வாயில் மணி தானாக அசைகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. பதறிப்போய் அரசனிடம் வந்து சொல்கிறாள். அவள் சொல்லி முடித்த வேளையில்தான் வாயிலில் கண்ணகி வந்து நிற்கிறாள்.

இந்த மூன்று பேரும் செய்த குற்றம் என்ன? கோவலனிடம் குற்றம் உண்டு. மனைவியை விட்டுப் போனவன். ஆனால் திருடியவன் அல்ல. கண்ணகியும் கோப்பெருந்தேவியும் யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காதவர்கள். அவர்களுக்கு வந்த கனவு பொற்கொல்லனுக்கு வரவில்லை. கொலை நடப்பதற்கு முன்னும் பின்னும் அவன் ஒரு இரவாவது புரண்டு படுத்ததாக இளங்கோ சொல்லவே இல்லை. ஷேக்ஸ்பியர் குற்றவாளியின் படுக்கையறைக்குள் நம்மைக் கூட்டிப்போய் அவன் படும் பாட்டைக் காட்டி, ஒருவகையில் நம்மை ஆறுதல்படுத்துகிறார். இளங்கோ அந்த ஆறுதலைத் தரவில்லை. தீங்கு செய்தவன் நிம்மதியாகத் தூங்குவான், தீங்கு பட்டவள்தான் விழித்திருப்பாள் என்பது அவர் கண்ட உலகம். நான் கண்ட உலகமும் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் பயணத்தில் நிம்மதியாகத் தூங்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். வீட்டைவிட்டுக் கிளம்பியது ஊர் உறங்கும் வைகறை இருட்டில். பாண்டிநாட்டு எல்லைக்குள் வந்தபின், வெயில் கண்ணகியின் பாதங்களைச் சுடுகிறது, இனி இரவில் நடப்போம் என்று கோவலன் உடன்வரும் துறவி கவுந்தியடிகளிடம் சொல்கிறான். எப்படி அந்தத் துணிச்சல் வந்தது? பாண்டியன் செங்கோல் நடக்கும் நாட்டில் கரடி புற்றைக் கிளறாது, புலி மானை எதிர்க்காது, பாம்பும் முதலையும் இடியும்கூட யாருக்கும் தீங்கு செய்யா என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நிலவொளியில் காடு கடந்தார்கள். ஒரு முள்கூடக் குத்தவில்லை. காட்டு இரவில் பிழைத்தவன், அதே அரசனின் நகரத்தில், விழித்திருந்த மனிதர்களுக்கு நடுவே வெட்டுப்பட்டான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று காடுகாண் காதையில் வருவதை நாம் நிலத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் படிக்கிறோம். நல்ல அரசும் ஒரு பொழுதில் அப்படித் திரிந்துபோகும்.

கொலைக்குப் பிறகு கண்ணகிக்குத் தூக்கம் என்பதே இல்லை. மதுரை எரிந்தது. மதுராபதித் தெய்வம் வந்து பழம்பிறப்புக் கதையைச் சொல்லிப் பார்த்தது. அவள் மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வையைக் கரையோடு, இரவு எது பகல் எது என்று தெரியாமல் நடந்தாள். பதினான்கு நாள். மலைமேல் வேங்கை மரத்தடியில் நிற்கும்வரை அவள் எங்காவது கண்ணயர்ந்தாள் என்று ஓர் அடிகூட இல்லை. நம் பக்கத்துக் கோயில் பொங்கல்களில் விடிய விடிய நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய கோவலன் நாடகம் நடந்த ஊர்களில், பிள்ளைகள் மணலில் தூங்கிப்போன பிறகும் பெண்கள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள். கண்ணகியோடு கூட இருப்பதற்கு அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பாண்டியனுக்கு நீதி எப்படி வந்தது? மேக்பெத்துக்கு நீண்ட இரவுகள் கொடுக்கப்பட்டன. பாண்டியனுக்கு ஒரு நொடிதான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது. தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனுக்குத் தெரியும். நானே கள்வன் என்று உணர்ந்து, அரியணையிலேயே மயங்கி விழுந்து இறந்தான். அரசு கட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன் என்றே அவன் பெயர் நிலைத்தது. விழித்த நொடியில் இறந்தவன் அவன். மேக்பெத்தைவிட அவனை நான் உயர்ந்தவனாகக் கருதுகிறேன். மேக்பெத் தன் குற்றத்தை அறிந்துகொண்டே அடுத்தடுத்த கொலைகளுக்குப் போனான். பாண்டியன் தன் குற்றத்தை அறிந்த பிறகு ஒரு மூச்சுகூட விடவில்லை.

இங்கே முடித்திருந்தால் சிலப்பதிகாரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நூல் இன்னும் போகிறது. கண்ணகி மதுரையை எரித்த அன்றிலிருந்து பாண்டிநாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் வெப்பு நோயும் அம்மையும் பரவின என்று நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது. மழைக்காக ஏங்கியே வாழும் நம்மூரில் இதைப் படிப்பவர் சட்டென்று கடந்து போக முடியாது. அந்த வறட்சி தீரக் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் என்ன செய்தான்? ஆயிரம் பொற்கொல்லர்களைப் பத்தினிக்குப் பலி கொடுத்தான். ஒரே பகலில். நீர்ப்படைக் காதையிலும் இது வருகிறது. மழை பெய்தது, நாடு செழித்தது.

ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். விசாரிக்காமல் கொன்றது தவறு என்று ஒரு காப்பியம் முழுக்கச் சொல்லிவிட்டு, அதன் முடிவில் விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொன்றதை மழை வந்த செய்தியோடு சேர்த்துச் சொல்லிப் போகிறது நூல். கண்ணகி மதுரைக்குத் தீ வைத்தபோதுகூட முதியவர்களையும் குழந்தைகளையும் பத்தினிப் பெண்களையும் பசுக்களையும் விட்டுவிடு என்று தீக்கடவுளிடம் சொல்லியிருந்தாள். கொற்கை அரசன் அந்த அளவுகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஆயிரம் பட்டறைகளில் ஒருவன் மனைவிக்காவது முந்தைய இரவு கெட்ட கனவு வந்திருக்கும். அவள் யாரிடம் போய்ச் சொன்னாள்? மூன்று கனவுகளை அவ்வளவு பரிவோடு எழுதிய இளங்கோவடிகள், அந்த நாலாவது கனவை எழுதவில்லை. அவரை நான் தமிழின் மிகப் பெரிய கவிகளில் ஒருவராக மதிக்கிறேன். அதனால்தான் அவரிடம் இதைக் கேட்கிறேன். இந்த நகரத்தில் நகைப் பட்டறை வைத்து, கண்ணெரிய ஊதுகுழல் ஊதிப் பிழைக்கிற ஆசாரிமார் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று பள்ளியில் சிலப்பதிகாரம் படித்துவிட்டு வந்து, அந்த ஆயிரம் பேர் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்டால், தமிழாசிரியர்கள் நேர்மையான பதில் ஒன்றை வைத்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை, அவர்களையும் விசாரிக்காமல்தான் கொன்றார்கள் என்ற பதில்.